பத்துத் தாரும் மேலே

இன்று ஆசிரியர் அறையில் யாரோ ஒரு சீப்புச் சிறுமலைப் பழம் வைத்திருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. நீ போய் எட்டு மாதமாகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

திண்டுக்கல்லில் ஒரே பள்ளியில் இருவரும் இயற்பியல் ஆசிரியர்கள். கெல்வின் அளவில் பூஜ்யத்துக்குக் கீழேயும் வெப்பநிலை உண்டு, அது எல்லாச் சூட்டையும்விடச் சூடு என்று உன் வகுப்பில் சொல்லியிருக்கிறாய். பிள்ளைகள் வந்து என்னிடம் கேட்டார்கள். "அவருக்கு வெயில் மண்டைக்கு ஏறிருச்சுடா" என்று சிரித்துவிட்டேன். அது உன் காதுக்கு வந்தும் நீ கோபப்படவில்லை. அந்தச் சனிக்கிழமை என்னைச் சிறுமலை பஸ்ஸில் ஏற்றினாய்.

அங்கே ஒருவர் ஜீப்பின் மேல் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார். பத்துத் தார்.

"ஏலே, எது மேல, எது கீழன்னு பாத்தா, பத்தும் கீழ கிடந்தா எத்தனை விதம்?" என்று கேட்டாய்.

"ஒண்ணு."

"எதையாச்சும் ஒண்ணை மேல ஏத்துனா பத்து விதம். அஞ்சை ஏத்துனா இருநூத்தி அம்பத்திரண்டு. ஆறாவதை ஏத்து, இருநூத்திப் பத்தாக் குறைஞ்சிரும். பத்தும் ஏறிட்டா திரும்ப ஒண்ணுதான்."

தாரை ஏற்றுவது ஆற்றல் கொடுப்பது. கொடுக்கக் கொடுக்க விதங்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று சொல்வதுதான் வெப்பநிலை. கூடினால் பிளஸ், குறைந்தால் மைனஸ். கொதிக்கும் தண்ணீரின் ஆற்றலுக்கு உச்சி கிடையாது, அதனால் அதற்கு மைனஸ் வராது. படிகத்துக்குள் இருக்கும் அணுக்கருக் காந்தங்களுக்கு உச்சி உண்டு. அவற்றில் மைனஸ் வெப்பநிலையை ஆய்வுக்கூடத்தில் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

"மேல இனி இடமில்ல. மைனஸ்ல இருக்கது எதைத் தொட்டாலும் அதுக்கு ஆற்றலைக் கொடுக்கத்தான் செய்யும். அம்புட்டுச் சூடு" என்றாய்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. "சரி சரி, பழம் வாங்குவோம்" என்றேன். திங்கட்கிழமை பிள்ளைகளிடம் நான் எதையும் திருத்தவில்லை. நீயும் கேட்கவில்லை. அவர்கள் உனக்கு 'மைனஸ் சார்' என்று பெயர் வைத்தார்கள். நீ இறந்த அன்றுகூடப் பள்ளி வாசலில் பழைய மாணவன் ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லித்தான் உன் வீட்டுக்கு வழி கேட்டான். அது என்னால் வந்தது. வெட்கமாக இருக்கிறது.

இன்று வகுப்பில் மேசைமேல் பத்துச் சாக்பீஸை வைத்து, ஒவ்வொன்றாக டஸ்டர் மேல் ஏற்றிக் காட்டினேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி கேட்டாள்.

"எங்க அண்ணன் மைனஸ் சார்னு ஒருத்தரைச் சொல்லிச் சிரிக்குமே சார், அவரு சொன்னதா இது?"

"அவர் சொன்னதுதாம்மா. அவர் சொன்னது சரி. தப்பாச் சொன்னது நான்."

"அண்ணன்ட்ட சொல்றேன் சார்" என்றாள்.