பனங்கட்டி இல்லாத பார்சல்

குருநகர்
தை 18

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் அப்பாவும் நானும் நடமாடித் திரிகிறோம், ரொறொன்ரோக் குளிரில் நீயும் மருமகனும் பேரன் ஜெரிசனும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் செபம். ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். நீ ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துத்தானே கதைக்கிறாய், நான் இங்கே தும்மினாலும் மருமகனைப் பெற்ற உன் மாமிக்குக் கேட்கும், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் நம்மூர் எமில்ராஜிடம் பார்சலோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மாமியின் தங்கை சிசிலியா கோயில் வாசலில் என்னை மறித்து, "உங்கடை மகளின்ரை ரத்தத்திலை ஏதோ காட்டியிருக்காம், உங்களுக்குத் தெரியாதே?" என்றாள். ஓம் தெரியும் என்று செபம் சொன்ன வாயாலேயே பொய் சொன்னேன். வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது உனக்கு இரத்தத்தில் சீனி கூடியதும், பிள்ளை பிறந்த பிறகு இறங்கியதும் எனக்குத் தெரியும். ஆனால் அப்படிச் சீனி கூடிய தாய்மாரில் யாருக்குப் பிறகு சீனி வருத்தம் வரும் என்று இரத்தத்தில் தேடுகிற ஆராய்ச்சிக்கு நீயும் இரத்தம் கொடுத்தாயாம், அதில் உனக்கு வரக்கூடிய அடையாளங்கள் கண்டார்களாம், குளுக்கோஸ் குடித்துச் சோதிக்க வரச் சொல்லி இரண்டு கடிதம் வந்தும் பிள்ளையோடு நேரமில்லை என்று நீ போகவில்லையாம். இவ்வளவும் சிசிலியாவுக்குத் தெரிந்திருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியவில்லை. சொல்ல வெட்கம்தான் மகள், பயத்துக்கு முதல் எனக்கு வந்தது எரிச்சல். மாமிக்கு விசா கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளை பெற்ற உனக்குச் சரக்குக்கறி காய்ச்சித் தந்தது அவர், என் பேரனை முதலில் குளிக்க வார்த்தது அவர், இப்போது உன் இரத்தத்தின் கதையும் அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டுமா?

போதாததற்கு, நான் மாதம் மாதம் ஆள்பிடித்து அனுப்பிய பனங்கட்டியை மாமி அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டாராம், அதையும் சிசிலியாதான் சொன்னாள். மூன்று நாள் அவரைத் திட்டித் தீர்த்தேன். பதநீரில் காய்ச்சிய பனங்கட்டி என்ன சீனியா, பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லதுதானே என்று அப்பாவோடும் சண்டை. அவர் பின்னிக்கொண்டிருந்த வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "உதைக் கிளினிக்கிலை போய்க் கேளன்" என்றார். வீறாப்பில் போய்க் கேட்டேன். பனங்கட்டியும் இரத்தத்தில் சீனியாகத்தான் ஏறுமாம். அதோடு விடாமல் அங்கிருந்த நேர்ஸ் மிஸ்ஸி என் விரலிலும் குத்திப் பார்த்தாள், மறுநாள் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி இரத்தமும் எடுத்தாள். எனக்குச் சீனி வருத்தம், நெடுநாளாக இருந்திருக்குமாம். வலது காலில் ஆறாமல் கிடக்கும் புண்ணும் அதனால்தானாம்.

உன்னைச் சுமந்தபோது எனக்கும் சீனி கூடியிருந்தது. பெற்ற பிறகு வந்து காட்டு என்று மருத்துவமாது வீடு தேடி வந்து சொன்னாள். நீ கொழுகொழுவென்று பிறந்துவிட்டாய், இனி என்ன என்று நான் போகவில்லை, முப்பது வருடமாக ஒருவருக்கும் சொல்லவுமில்லை. உனக்குச் சீனி கூடியது என்று கேள்விப்பட்ட அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் வாய் திறக்காமல் பனங்கட்டிதான் அனுப்பினேன். நீ எனக்குச் சொல்லவில்லை என்று பொருமுகிறவள் நான்.

அதனால் இந்தக் கிழமையே அந்தச் சோதனைக்குப் போ. மாமியையும் கூட்டிக்கொண்டு போ, நீ உள்ளே இருக்கும்போது பிள்ளையை அவர் வைத்திருப்பார். பனங்கட்டியைப் பூட்டியது சரிதான். எழுதவே கை கூசுகிறது, இந்த இடத்தை அவருக்கு வாசித்துக் காட்டாதே. இந்த முறை பார்சலில் கருவாடும் மிளகாய்த்தூளும் மட்டும்தான். புண்ணுக்கு மருந்து கட்டுகிறேன், அதற்காக நீ அழ வேண்டாம்.

மாதா உங்கள் மூவரையும், மாமியையும் சேர்த்தே, காப்பாற்றட்டும். சோதனை முடிவு வந்ததும் நல்லதோ கெட்டதோ முதலில் எனக்குச் சொல். ஃபோனை மேசையில் வைக்காமல் காதில் வைத்துச் சொல்.

உன்னைப் பெற்றவள்,
கத்தரீனா செபநாயகம்