சம்பந்திக்கு ஒரு நாள் மெல்பர்ன்

பிரஸ்டன், மெல்பர்ன்
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் டீகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், வெயில் ஒன்றுதான் ஆளைக் கொல்கிறது. தக்காளி எல்லாம் செடியிலேயே வெந்துபோச்சு. அங்கே இன்வர்னஸில் நீயும் மாப்பிள்ளை ஃபெர்கஸும் பனியில் வழுக்கி விழாமல் நல்லபடியாக இருக்கிறீர்களா. என்ன இது, போன் இருக்கும்போது அப்பா காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாரே என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் மாமனார் எப்போதும் பின்னாலேயே இருக்கிறார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு நீ பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா, பேச்சுக்கு நடுவில் "அப்பா, அடுப்புல கெட்டில் கூவுது, அணைச்சிடுங்க"ன்னு சொன்னாய். நான் சரிம்மா என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். இங்கே அடுப்பே பற்றவைக்கவில்லை, நீ கூப்பிட்டது அவரை. உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பெண்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், உனக்கு மட்டும் அந்த மனுஷர் அப்பா ஆகிவிட்டார். பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாராம், தோட்டத்தில் உனக்குக் கொட்டகை கட்டித் தந்தாராம். கொட்டகை நான் கட்டமாட்டேனா. வயிறு எரிகிறது, ஒளிக்க என்ன இருக்கிறது.

இப்போது வியாழக்கிழமை அவருடைய கப்பல் இங்கே வந்து நிற்கிறது. காலையில் இறங்கி மாலைக்குள் ஏறிவிட வேண்டும், ஒரே ஒரு பகல்தான், அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுங்கப்பா என்று நீ சொல்லிவிட்டாய். சரி, மகள் சொன்னால் மறுக்க முடியுமா. திட்டம் போட்டிருக்கிறேன், கேள். துறைமுகத்திலிருந்து டிராமில் நகரத்துக்கு. முதலில் சந்தை, அந்த வண்டிக்கடையில் ஜாம் வைத்த சூடான டோனட். அப்புறம் ஆற்றங்கரை உயரக் கட்டிடத்தின் உச்சி. எழுபது வயசு வரை இந்த ஊரில் இருந்தும் நான் அதில் ஏறியதே இல்லை என்பது அவருக்குத் தெரியக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தேன். உள்ளூர்க்காரன் டிக்கெட் எடுத்து உள்ளூரைப் பார்க்கிற கூத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன் என்று வழியெல்லாம் கேலி செய்தாள். அடுத்து ஆற்றுப் பாலம் வழியாக நடந்தே கிரிக்கெட் மைதானம், கடைசியாக செயின்ட் கில்டா கடற்கரையில் மீன் வறுவல். அவர் கப்பல் ஏறும்போது, இப்பேர்ப்பட்ட ஊரை விட்டா இந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்தாள் என்று மனசு சுருங்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

நம் வீட்டுக்கு மட்டும் கூட்டிவரப் போவதில்லை. இதில்தான் அம்மாவோடு சண்டை. சம்பந்தி ஊர் தேடி வந்திருக்கும்போது வீட்டில் ஒரு வாய் சாப்பிடச் சொல்லாமல் தெருத்தெருவாக இழுத்தடிக்கிறவன் மனுஷனா என்று கேட்கிறாள், அதுவும் பெண்டாட்டி போய் இரண்டு வருஷமாகத் தனிக்கட்டையாக நிற்கிற ஆளை என்கிறாள். பிரஸ்டன் தூரம், நேரம் போய்விடும் என்று சாக்குச் சொன்னேன். உனக்குச் சொல்வதற்கென்ன, உன் அறை, உன் நீச்சல் கோப்பைகள், நீ படுத்துப் படுத்துக் குழி விழுந்த சோபா, இதெல்லாம் இன்னும் என்னுடையது. அங்கே இருக்கிற உன்னை அவர் எடுத்துக்கொண்டார், இங்கே இருக்கிற உன்னையாவது எனக்கு விடட்டும்.

இன்னொன்று. வியாழக்கிழமை நாற்பது டிகிரி, வடக்குக் காற்று, சாயங்காலத்துக்கு முன்னால் தெற்குக் காற்று திரும்பி ஒரேயடியாகக் குளிர்ந்துவிடும் என்று டிவியில் சொன்னான். இந்த ஊரில் கோட்டு இல்லாமல் எவனும் வெளியே போகமாட்டான், எவ்வளவு வெயில் அடித்தாலும் சரி. நான் எடுத்துக்கொண்டு போவேன். அவரிடம் சொல்லமாட்டேன். கடற்கரையில் நிற்கவைத்துத்தான் நடுங்க விடப்போகிறேன். நீ முன்கூட்டியே சொல்லிவிடவும் முடியாது, இந்தக் காகிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

சனிக்கிழமை

கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அம்மா படித்துவிட்டு, இதை அனுப்பினால் பெண் உன் முகத்திலேயே முழிக்கமாட்டாள் என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள். இப்போது நானே கேட்டு வாங்கி மேலே எழுதுகிறேன். எழுதினதைக் கிழிக்கவில்லை, நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரிந்துதானே இருக்கிறது.

துறைமுகத்தில் அரைக்கைச் சட்டையோடு இறங்கினார். நீ அனுப்பிய படங்களில் இருப்பதைவிடக் குள்ளம், அதிலே எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். அம்மா கொடுத்துவிட்ட லாமிங்டன் கேக் டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டதும், டீகன் செய்வது இப்படி வராது, தேங்காய் உதிர்ந்துவிடும் என்றார். உன் கேக்கில் குறை சொல்லவும் இவருக்குத்தான் உரிமையா என்று சுருக்கென்றது. ஆற்றைப் பார்த்து என்ன இவ்வளவு கலங்கல் என்று கேட்டார். இது தலைகீழாக ஓடுகிற ஆறு, சேறு மேலே தண்ணீர் கீழே என்றேன், நம் ஊரில் எல்லாரும் சொல்கிற பழைய ஜோக்தான், அவர் நின்று ரசித்துச் சிரித்தார். கட்டிடத்தின் உச்சிக்கு ஏறியதும் டீகன் பிறந்த வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். புகை மூட்டமாக இருக்கிறது, தெரியாது என்று சொல்லிவிட்டேன். அப்போதிருந்துதான் கேள்விகள் ஆரம்பித்தன. இங்கே வீட்டு வாடகை என்ன ஆகும். மாட்டு டாக்டருக்கு வேலை உண்டா, இல்லை நாய் பூனையோடு சரியா. அந்நியர்களிடம் மக்கள் நன்றாகப் பழகுவார்களா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அட, இந்த மனுஷர் இங்கேயே வந்து குடியேறப் பார்க்கிறாரோ, இந்த ஊரையும் எடுத்துக்கொள்ளப் போகிறாரோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

அவ்வளவுதான், பெருமை பேச வந்தவன் நேர்மாறாகத் திரும்பிவிட்டேன். வீடா, சொத்தை விற்றாலும் கிடைக்காது என்றேன். கோடையில் காட்டுத்தீ, குளிர்காலத்தில் நசநசவென்று மழை, ஈ மொய்த்தால் வாயைத் திறக்க முடியாது என்றேன். கொல்லையில் விறகுக் கட்டையைத் தூக்கினால் கட்டைக்கொரு பாம்பு என்றேன். உன் அம்மா ஒருமுறை துணி காயப்போடும்போது பாம்பைக் கயிறு என்று நினைத்துக் கொடியில் கட்டப்போனாள் என்றுகூட அடித்துவிட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் அப்படியா அப்படியா என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கிரிக்கெட் மைதானத்துக்கு டிராமிலேயே போயிருக்கலாம், நான் வேண்டுமென்றே நடக்கவைத்தேன். பாலத்து நடுவில் அவர் முகம் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீகன், அப்போது என் உயிர் என்னிடம் இல்லை. இந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உனக்கு என்ன பதில் சொல்வேன். தண்ணீர் வாங்கி என் கோட்டை நனைத்து அவர் தலையில் போட்டேன். அவர் நடுங்கும்போது நான் போட்டுக்கொள்ள வைத்திருந்த கோட்டு அது. மைதானம் வேண்டாம் என்று வாடகைக் கார் பிடித்து நேரே கடற்கரைக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே நிழலில் மதில்மேல் உட்கார்ந்து மீன் சாப்பிட்டோம். கொஞ்சம் தெளிந்ததும் அவர் கேட்டார், ஃபெர்கஸுக்கு வந்திருக்கிற வேலை இங்கேயிருந்து எவ்வளவு தூரம் என்று. எந்த வேலை என்றேன். அவர் என்னையே பார்த்துவிட்டு மீனைக் கீழே வைத்தார். உங்ககிட்ட சொல்லலையா என்றார். மாப்பிள்ளைக்கு மெல்பர்ன் பக்கத்தில் கால்நடை டாக்டர் வேலை உறுதியானதும், நீங்கள் இரண்டு பேரும் அவரிடம் போய்ச் சொன்னதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாட்டு டாக்டர் வேலை என்று அவர் முன்னமே கேட்டாரே, இருந்த பயத்தில் எனக்கு உறைக்கவில்லை. அவர் மெதுவாகத்தான் பேசினார். "அப்பா, நீங்க வேண்டாம்னா நாங்க போகமாட்டோம்னு டீகன் சொன்னா. எனக்கு ஒரே பிள்ளை. ஊரைப் பார்த்துட்டு வந்து சொல்றேன்னேன். எனக்கு விமானம்னா பயம், இங்க நிக்கிற கப்பலாத் தேடிப் பிடிச்சேன்."

காலையிலிருந்து யாரிடம் ஊரைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினேனோ, அந்த மனுஷரின் வாயில்தான் நீ திரும்பி வருவது தொங்கிக்கொண்டிருக்கிறது. கெடுவான் கேடு நினைப்பான் என்பது இதுதான். அவசர அவசரமாக எல்லாவற்றையும் திருப்பி எடுக்கப் பார்த்தேன். வீடு அப்படியொன்றும் விலை இல்லை, பாம்பை நான் நேரில் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆகிறது என்று உளறினேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எங்கப்பாவுக்கு ஒருத்தரைப் பிடிக்கலைன்னா பாம்புக் கதையை ஆரம்பிச்சுடுவார், என்னைப் பார்க்க வந்த பையன்களுக்கெல்லாம் சொல்லியிருக்கார் என்று நீ அவரிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறாயாமே. கொடியில் கட்டிய பாம்புவரைக்கும் தெரிந்திருக்கிறது. என் மானம் கப்பலேறிப் போகவேண்டிய இடத்துக்கு முன்னமே போயாச்சு.

அந்த நேரத்தில்தான் தெற்குக் காற்று திரும்பியது. உனக்குத் தெரியுமே, அடுப்பை அணைத்த மாதிரி சட்டென்று. தெருவில் வீட்டுக்காரர்கள் எல்லாம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றார்கள். ஈரக் கோட்டோடு நான்தான் வெடவெடவென்று நடுங்கினேன். அவர் அரைக்கைச் சட்டையோடு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அப்பாடா, இது எங்க ஊர் ஜூன் மாசம் என்றார். அப்புறம் ஒன்று சொன்னார், அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "உங்க போன் வர்ற அன்னைக்கு அவ ராத்திரி சாப்பிடமாட்டா. நீங்க அதைப் பார்த்ததில்ல. நான் பார்க்கறேன்."

அதையும் அவர்தான் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. இந்தப் பாழாய்ப்போன புத்தி.

கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டேன். வழியில் நானாகவே, நேரம் இருந்திருந்தால் வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பேன், அவளுடைய அறை அப்படியே இருக்கிறது என்றேன். அடுத்த தடவை என்றார். விமானம் ஏறாதவருக்கு அடுத்த தடவை எங்கேயிருந்து வரும், இரண்டு பேருக்கும் தெரியும். மீதி கேக்கை டப்பாவோடு கொடுத்தேன். ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சரின்னுட்டேன்னு நீங்களே அவளுக்கு எழுதிடுங்க, என் வாயால் வராது என்றார்.

அதனால் எழுதுகிறேன். உன் மாமனார் டூகல் சரி என்று சொல்லிவிட்டார். நீங்கள் வரலாம். பெற்ற மகளை அந்த மனுஷர் கையால் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று எரிகிறது. அவரிடம் முதலில் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை என்பதும் எரிகிறது. ஆசை காட்டி மோசம் செய்யக்கூடாது என்றுதான் சொல்லாமல் இருந்திருப்பாள் என்கிறாள் அம்மா. இருக்கட்டும். இரண்டு நாளாக உன் அறையில் பெயின்ட் அடிக்கிறேன், அம்மா வாசனை தாங்காமல் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறாள்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கிளம்புகிற வரைக்கும் உன் மாமனாரைத் தனியாகச் சாப்பிட விடாதே. நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக வந்து சேர அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. இங்கே வந்தபிறகு அவருக்குப் போன் பண்ணும்போது நான் பக்கத்தில் இருந்தாலும் என்னைக் கூப்பிடாதே. அடுப்பில் கெட்டில் கூவினால் நீயே எழுந்துபோய் அணைத்துக்கொள்.

இப்படிக்கு
உன் அப்பா
டெஸ்மண்ட் பாஸ்கோ