லாரி நின்ற வாரம்

அன்புள்ள கோமதி,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் "எப்படி இருக்க?" என்றுதான் கை முதலில் ஓடுகிறது. அதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவிடுவேன்.

இந்த முறை மூடப்போவதில்லை. உன்னிடம் மட்டும் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நீ இருந்தபோது சொல்லாமல் விட்டுவிட்டேன். இனி உன்னிடம் மட்டும் சொல்ல வழியில்லை. நம்மைப்போலக் குழந்தைகளோடு வேலை செய்கிற நாலு பேராவது கேட்கட்டும் என்று, எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

குற்றாலம் பயிற்சிக்குப் போய்வந்தேன். விளையாட்டு வழியாகக் குழந்தைகளை ஆற்றுப்படுத்துவதற்கான அடிப்படைப் பயிற்சி என்று நம் இருவர் பேரையும் எழுதிப்போட்டாயே, அதுதான். நீ விண்ணப்பத்தை நீட்டிய அன்று, "பொம்மை வச்சு விளையாடுததுக்கு எதுக்குட்டி அஞ்சு நாள்?" என்று கேட்டேன். "சும்மா வாங்க முத்தக்கா, அருவியிலயாவது குளிச்சிட்டு வருவோம்" என்றாய். பயிற்சித் தேதி வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவாய் என்று நினைத்து நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழப்பாவூரிலிருந்து உன் தம்பி போன் செய்தான்.

அப்போது தள்ளிப்போன பயிற்சி இந்த மார்ச்சில்தான் நடந்தது. அருவியில் நூலாகத் தண்ணீர். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வேலையில்லாமல் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். லாட்ஜ் அண்ணாச்சி நோட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருன்னுல்லா போட்டிருக்கு, இன்னொரு மேடம் பின்னால வாராங்களா?" என்று கேட்டார்.

"நான் மட்டும்தான் அண்ணாச்சி."

அறையில் இரண்டு கட்டில். இன்னொன்றின் மேல் என் பையைக்கூட வைக்க மனம் வரவில்லை. ஐந்து நாளும் விரிப்பு கலையாமலே கிடந்தது.

முதல் நாள் காலையில் பேர் வாசித்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவள் மதுரைப் பெண், என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். என் பேருக்கு அடுத்தது உன் பேர். "கோமதி வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். "வரலை" என்றேன். ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி. இறந்துவிட்டாள் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டாள்.

எல்லாப் பயிற்சியும் இரண்டிரண்டு பேராகத்தான். ஒருவர் குழந்தை, மற்றவர் ஆலோசகர். பத்தொன்பது பேரில் நான்தான் ஒற்றை. அதனால் அந்த மதுரைப் பெண்ணே எனக்கு எதிரில் குழந்தையாகத் தரையில் உட்கார்ந்தாள். விளையாட்டுக்கென்று மணல் பரப்பிய தட்டில் ஒரு பசு பொம்மையை வைத்தாள். "இது யாரு? ஏன் தனியா நிக்கி? இதோட அம்மா எங்க?" என்று கேட்டுக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்தில் அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள்.

பிறகு எழுந்து, சிரிக்காமல் சொன்னாள். "மேடம், பத்து நிமிஷத்துல இருபத்துமூணு கேள்வி கேட்டுட்டீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு."

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அங்கே யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பேசவும் ஆளில்லை.

மூன்றாம் நாள் அவள் ஒன்று சொன்னாள். "குழந்தை ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடினா நிறுத்தாதீங்க. அதுல சின்னதா என்ன மாறுதுன்னு பாருங்க." எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உனக்குத் தெரியும் ஏன் என்று. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

தென்காசியில் ஒரு ஆலோசனை மையத்தில் நானும் கோமதியும் பதினோரு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். நான் மூத்தவள். அவள் எழுதும் பதிவுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அவளிடம் வீரகேரளம்புதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குழந்தை வந்தது. பூரணி என்று வைத்துக்கொள்வோம், அது அவள் பெயரில்லை. ஏழு வயது. அப்பா லாரி டிரைவர். புளியறை தாண்டி ஒரு வளைவில் லாரி கவிழ்ந்து இறந்துபோனார். அதிலிருந்து பிள்ளை பேசுவதை நிறுத்திவிட்டது.

கோமதியோடு அது தரையில் உட்கார்ந்து ஒரு பொம்மை லாரியை ஓட்டும், கவிழ்க்கும். மறுபடி ஓட்டும், கவிழ்க்கும். வாராவாரம் இதே. மூன்று மாதம் பார்த்துவிட்டு நான் கேட்டேன்.

"என்னட்டி இது, புண்ணக் கிளறிக்கிட்டே இருக்க? பிள்ள ஒரு வார்த்த பேசல."

"பேசிக்கிட்டுத்தான் இருக்கா முத்தக்கா."

எனக்கு அது திமிராகப் பட்டது. அந்தப் பிள்ளையை நானே பார்க்கிறேன் என்று மாற்றிக்கொண்டேன். நீ சண்டை போடவில்லை கோமதி. ஒன்றே ஒன்று கேட்டாய். "ஒரு தடவ அவகிட்ட சொல்லிட்டு அனுப்பட்டுமா?" அதற்கும் நான், "சின்னப் பிள்ளகிட்ட என்னத்தச் சொல்ல? மறந்துரும்" என்றேன்.

மூன்று வாரம் பூரணி என் மேசைக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவை நினைத்தால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மேசையைப் பார்த்தாள். நாலாவது வாரம் வரவில்லை. "தொடர் வருகை இல்லை" என்று எழுதிக் கோப்பை மூடினேன். அதைப்பற்றி நீயும் நானும் அதன்பிறகு ஒருநாளும் பேசவில்லை.

பயிற்சி முடிந்து வந்த மறுநாள் அந்தக் கோப்பைத் தேடி எடுத்தேன். உன் பதிவுகள் எப்போதும் இரண்டே வரிதான். அதற்காகவும் உன்னைத் திட்டியிருக்கிறேன். இந்த முறை மெதுவாகப் படித்தேன்.

"லாரி கவிழ்ந்தது. என்னைப் பார்க்கவில்லை." அடுத்த வாரம், "லாரி கவிழ்ந்தது. கவிழும் முன் வாயால் ஹாரன் அடித்தாள்." பிறகு ஒரு வாரம், "கவிழ்ந்தது. ஒரு ஆள் பொம்மை ஓடிவந்து பார்த்தது." பிறகு, "கவிழ்ந்தது. என் கையை இழுத்து, சேர்ந்து நிமிர்த்தினாள்."

கடைசிப் பதிவு இது. "லாரி கவிழவில்லை. ஓரமாக நிறுத்தினாள். டிரைவர் இறங்கி டீ குடித்தார்."

அதற்குக் கீழே என் கையெழுத்தில், சிவப்பு மையில், "முன்னேற்றம் இல்லை. குழந்தை என் பொறுப்புக்கு மாற்றப்படுகிறது."

படித்துவிட்டுத்தான் அதை எழுதியிருக்கிறேன் கோமதி. அந்த டீயைப் படித்துவிட்டுத்தான். நீ அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தபோது என்ன நினைத்தாய்? அடுத்த வருடமே உன் பேருக்கு மேலே என் பேரை எழுதி அந்த விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாயே, அது என்னை மன்னித்துவிட்டதாலா? இல்லை, எனக்கு வேறு எப்படியும் புரியவைக்க முடியாது என்றா? நீ சொன்ன மாதிரி வெறும் அருவிக்குளிப்புக்குத்தானா? நம் அறையில் உன் மேசையில் இன்னும் ஆள் போடவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டுவிடலாம் போலத்தான் இருந்தது.

பூரணியின் அம்மாவுக்குப் போன் செய்தேன். "பள்ளிக்கூடத்துல இப்பம் பேசுதா மேடம். ஆனா பஸ்ல மட்டும் ஏற மாட்டேங்கா. ஏறச் சொன்னா நடுங்குதா" என்றாள். வியாழக்கிழமை சித்தப்பாவின் பைக்கில் கூட்டிவந்தார்கள். இப்போது ஒன்பது வயது, நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அந்த அக்கா எங்க?"

பழைய நானாக இருந்தால் வெளியூர் போயிருக்கிறாள் என்று சொல்லியிருப்பேன். "கோமதி அக்கா செத்துப்போனாங்க. காய்ச்சல் வந்து" என்றேன். பயிற்சியில் சொல்ல முடியாத சொல், அந்தப் பிள்ளையிடம்தான் முதலில் என் வாயிலிருந்து வந்தது.

"எங்கிட்ட யாருமே சொல்லல."

"ஆமா. நாங்க சொல்லல."

கொஞ்சநேரம் நிலைக்கதவைச் சுரண்டினாள். "அந்த அக்காவுக்கு என்னையப் பிடிக்காமப் போயிட்டு, அதான் உங்ககிட்டத் தள்ளிவிட்டுட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

இரண்டு வருடமாக அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் கோமதி.

"இல்லம்மா. அவங்க உன்னைய அனுப்பவே இல்ல. நான்தான் மாத்துனேன். உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவும் விடல. அது என் தப்பு."

அவள் அழவில்லை. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். நானும் மூட்டு முறிய உட்கார்ந்தேன். களிமண்ணை எடுத்துச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வரிசையாக வைத்தாள். கேள்வி ஒவ்வொன்றாக என் தொண்டைவரை வந்தது, விழுங்கினேன். "ஒவ்வொன்னாப் பாத்துப் பாத்து வைக்கிற" என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றாள். ஒரு உருண்டையை என் பக்கம் தள்ளினாள். நானும் உருட்டினேன். முக்கால் மணி நேரம் அவ்வளவுதான் பேசினோம்.

கிளம்பும்போது கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அடுத்த வாரமும் நீங்கதானா?"

"நான்தான்."

"வேற ஆளு வந்தா முன்னாலயே சொல்லிருவீங்களா?"

"சொல்லுவேன். ஒனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்."

அவர்கள் போனபிறகு பூரணியின் கோப்பில் என் சிவப்பு வரிக்குக் கீழே எழுதினேன். "குழந்தை முன்னேறிக்கொண்டிருந்தது. மாற்றியது தவறு. தவறு என்னுடையது." தேதியும் கையெழுத்தும் போட்டேன். அவள் மறுபடி பஸ்ஸில் ஏறுவாளா, தெரியாது. நான் உனக்குப் பாதியாவது வருவேனா, அதுவும் தெரியாது.

ஒன்றுமட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். நம் அறைக்கு வருகிற எந்தக் குழந்தையும், அது பேசினாலும் பேசாவிட்டாலும், எதற்காக, யாரிடம் போகிறது என்று தெரியாமல் இந்த வாசலைத் தாண்டாது. போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ள அதற்கு நேரம் கொடுப்பேன். உனக்குத்தான் நான் அதைக் கொடுக்கவில்லை.

போய்வா ஏட்டி.

இப்போதுதான் தரையில் உட்காரப் பழகும்
உன் முத்தக்கா