ஒன்பதா, முப்பத்தெட்டா என்று நீ கேட்டபோது

போன வாரம் எங்கள் மாடியில் குடியிருக்கும் தையல்காரப் பெண் தன் மெஷினைப் பிரித்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். படியேறும்போதே அந்த வாசனை வந்துவிட்டது. வேறு யாருக்காவது அது துணியையும் நூலையும் நினைவூட்டலாம். எனக்கு நீதான் வந்தாய். பாயில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கறுப்பாக ஒரு பிஸ்டலைப் பிரித்துவைத்து, உன் மனைவி மா சானின் தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாய். "இதுக்குன்னு தனி எண்ணெய் இருக்காம். நம்ம ஊர்ல எவன் விக்கிறான்? இது போதும், தைக்கவா போறேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

நாற்பத்தொரு வருடம் செய்தி எழுதியிருக்கிறேன். எழுதியதில் பிழை என்று எவரும் வந்து நின்றதில்லை. உனக்கு எழுதிக்கொடுத்த இரண்டு பக்கத்திலும் பிழை இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ கேட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய டீக்கடை. போட்டாதாங் படகுத்துறையில், படகுகளுக்குக் கயிறும் பெயிண்டும் விற்கும் உன் கடைக்கு நாலு கடை தள்ளி, பட்டப்பகலில் ஒருவரை மண்டையில் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பொதுமக்களும் துப்பாக்கி உரிமம் கேட்கலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். உனக்கு உரிமம் கிடைத்துவிடும் போல இருந்தது. டீ வருவதற்கு முன்பே கேட்டாய்.

"ஒம்போதா, முப்பத்தெட்டா? நீயே சொல்லு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? கொசு அடிக்க. சண்டை நடந்த ஊருக்கெல்லாம் போய் வந்தவன் நீ. ஒனக்குத் தெரியாம அந்தப் பெயிண்டு டப்பாவுக்கா தெரியும்?"

"ரெண்டு நாள் குடு. விசாரிச்சு எழுதித் தரேன்."

"வாயால சொல்ல மாட்டியாக்கும்? பேப்பர்காரா, ஒன்னப் பொண்ணு பார்த்துட்டு வரச் சொன்னாலும் ரெண்டு தரப்பையும் கேட்டு ரிப்போர்ட்டுதான்டா குடுப்பே."

இரண்டு நாள் என்றேன், ஆறு நாள் எடுத்துக்கொண்டேன். ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரிடமும், முன்பு துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஒருவரிடமும் கேட்டேன். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சரிபார்த்தேன். முப்பத்தெட்டு ரிவால்வரில் சிக்கிக்கொள்ள அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தாறு தோட்டாதான் கொள்ளும், விசையும் கனம். ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டலில் தோட்டா அதிகம், உதைப்பும் தாங்கக்கூடியது. ஆனால் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்கக் கையில் வலு வேண்டும், பழக்கமும் வேண்டும். நாற்பத்தைந்து பெரியது; உன் மணிக்கட்டுக்கு ஒத்துவராது, தோட்டா கிடைப்பதும் கஷ்டம். குண்டின் விட்டத்தைவிட அது எங்கே படுகிறது என்பதுதான் முக்கியம் என்று இருவருமே சொன்னார்கள்.

பிறகு குண்டின் வகை. முழுக்க உலோக உறை போட்ட குண்டு உடம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விடக்கூடும். முனை குடைந்த குண்டு உள்ளே விரிந்து பெரும்பாலும் நின்றுவிடும் என்பார்கள். வீட்டுக்குள் வைப்பதற்கு இரண்டாவதுதான் பொருத்தம் என்றார் பயிற்சியாளர். ஆனால் பலகையில் பட்டால் அதுவும் நிற்கும் என்று நம்ப முடியாது என்றார். இங்கே கிடைப்பதோ முதல் வகை மட்டும்தான். எல்லாவற்றையும் எழுதினேன். "சுவரைத் துளைக்கும் வாய்ப்பு உண்டு, பின்புறம் என்ன இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்" என்று ஒரு வரி. செய்திக்கு ஏற்ற வரி.

உன் வீட்டுச் சுவர் பலகைச் சுவர். முப்பது வருடமாக அதில்தான் சாய்ந்து உட்கார்ந்து உன்னோடு பேசியிருக்கிறேன். அந்தப் பக்கத்து வீட்டில் டோ மியா உரலில் மிளகாய் இடித்தால் என் முதுகு அதிரும். "அம்மா, என் எலும்பையும் சேர்த்து இடிக்கிறீங்க" என்று நான் கத்துவேன். "அதுல சதையே இல்லையே, ருசிக்காது" என்று பர்மிய மொழியில் பதில் வரும். இவ்வளவு தெரிந்த நான் "பின்புறம் என்ன இருக்கிறது" என்று எழுதினேன். பின்புறம் டோ மியா இருக்கிறார் என்று எழுதவில்லை.

அந்த ராணுவக்காரர் கடைசியில் ஒன்று கேட்டார். "ஒங்க சினேகிதருக்கு இதை வாங்க ஆசையா, இல்ல பயமா? ஆசைன்னா வாங்கட்டும், கொஞ்ச நாள்ல அலுத்துப் பெட்டிக்குள்ள வெச்சுடுவாரு. பயம்னா வேணாம், பயந்த கை சீக்கிரம் அமுக்கிடும்." இதற்கு இன்னொருவரிடம் உறுதி பெற முடியாது, இது அவருடைய கருத்து. அதனால் அதைச் சேர்க்கவில்லை. என் தொழிலில் நாற்பத்தொரு வருடம் என்னைக் காப்பாற்றிய பழக்கம் அது.

நீ அதே டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தாய். தமிழில் கையால் எழுதியதைப் படிப்பது உனக்கு விட்டுப்போன பழக்கம், நேரம் எடுத்தது.

"கடைசியில 'முடிவு உன்னுடையது'ன்னு போட்டிருக்கே."

"ஆமா."

"நீ என்ன நினைக்கிறே?"

"நான் நினைக்கிறது இதுல வராது."

"இதுல வேணாம்டா. இங்க, டீக்கடையில சொல்லு."

"எனக்கு எந்தப் பக்கமும் இல்லப்பா. ரெண்டுலயும் நல்லது கெட்டது இருக்கு. ஒனக்கு எது வசதியோ அதை எடு."

நீ டீயில் ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்ப ஒம்போது" என்றாய். உனக்கு நல்ல உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு நடந்தேன்.

அதன்பின் நடந்ததை நீயும் மா சானும் சொல்லித்தான் அறிவேன். மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், மின்சாரம் போயிருந்த நேரம். இரண்டு பேர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் கத்தி. மா சான் அலறினாள். நீ ஒரே ஒரு முறை சுட்டாய். அவர்கள்மேல் படவில்லை. இருவரும் படியில் உருண்டு ஓடிவிட்டார்கள். வாங்கிய பொருள் வாங்கிய வேலையைச் செய்தது என்று அந்தக் கணத்தில் நீ நினைத்தாயாம். காது அடைத்திருந்தது. அது மெல்லத் திறந்தபோது, அதுவரை சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த உரல் சத்தம் நின்றுபோயிருந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் நீ அங்கேயே நிறுத்திவிடுவாய்.

குண்டு டோ மியாவின் வலது தோளுக்குள் போயிருந்தது. உயிர் பிழைத்தார். கை தோளுக்கு மேல் எழவில்லை.

விசாரிக்க வந்தவர்கள் உன் வீட்டு வாசலில் வைத்தே கேட்டார்கள். நான் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் நின்றேன். இந்த வகைத் துப்பாக்கி, இந்த வகைத் தோட்டா, யார் சொல்லி வாங்கினாய் என்று கேட்டார் ஒருவர். "யாரும் சொல்லல. நானாத்தான்" என்றாய். என் பக்கம் நீ திரும்பவே இல்லை. நான் பேசியிருக்கலாம். பேசினால் எனக்குத் தண்டனை எதுவும் வந்திருக்காது, ஆலோசனை சொல்வது குற்றமில்லை. ஆனாலும் பேசவில்லை. அவர்கள் போனபின், "அந்தப் பேப்பரை அப்பவே கிழிச்சுட்டேன். ஒனக்கு எதுக்கு வம்பு" என்றாய். அதற்கும் நான் வெறுமனே தலையாட்டினேன்.

நீ ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு போனாய். டோ மியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் போனாய். மூன்றாம் நாளும். பிறகு கடையை மூடிவிட்டு, த்வாண்டேயில் மா சானின் அண்ணன் வீட்டுக்குக் குடிபோனாய். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான், தூரமில்லை. ஒன்றரை வருடத்தில் நான் இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் மழையைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் பேசினோம். மூன்றாவது முறை வந்தபோது நீ கூடத்தில் படுத்திருந்தாய். நெஞ்சுவலி, விடிவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள்.

ஏழாம் நாள் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது மா சான் படகுத்துறைவரை கூட வந்தாள். அவளுடைய பாதித் தமிழில் சொன்னாள். "அண்ணே, அவரு அன்னைக்கு ஒங்களப் பாக்க வரும்போது என்ன சொல்லிட்டு வந்தாரு தெரியுமா? 'அவங்கிட்ட கேக்குறேன், அவன் வேணாம்னுதான் சொல்லுவான், சொன்னா விட்டுடுறேன்'னு. நான் தொல்லை பண்ணிக்கிட்டே இருந்தேன்ல, துப்பாக்கி வேணாம் வேணாம்னு. என் பேச்சக் கேட்டதா இருக்கக் கூடாது, ஒங்க பேச்சக் கேட்டதா இருக்கணும். அம்புட்டுதான் அவரு கேட்டது."

நீ கேட்டது கேள்வியே இல்லை. நான் ஆறு நாள் அலைந்து அதற்குப் பதில் கண்டுபிடித்தேன்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஏழு மாதம் சும்மா இருந்தேன். போன வாரம் அந்த எண்ணெய் வாசனைக்குப் பிறகு இருக்க முடியவில்லை. டோ மியா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். சுவருக்கு உன் பக்கத்தில் இப்போது வேறு குடும்பம். நான் போனபோது இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எல்லாம் நான்தான் விசாரித்து எழுதிக்கொடுத்தேன். பலகைச் சுவரைத் துளைக்கும் என்று எனக்குத் தெரியும். விசாரணையில் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை.

அவர் கேட்டு முடித்தார். இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

"அவர் மூணு நாள் வந்தார். மூணு நாளும் நான் முகம் குடுக்கல. மனசுக்குள்ள அவரத் திட்டாத திட்டு இல்ல. நீங்களும் கூட வந்திருந்தா ரெண்டு பேரையும் சேர்த்துல்ல திட்டியிருப்பேன்? அவருக்குப் பாதிதான் போயிருக்கும்."

"இப்போ திட்டுங்க அம்மா" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன், நண்பா. அதற்காகத்தான் போயிருந்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

"இப்போ என்னத்துக்கு? கேக்க வேண்டிய ஆளு போயாச்சு. உட்காருங்க, டீ போடுறேன்."

கெட்டிலை இடது கையால்தான் தூக்கினார். நான் எழுந்து உதவப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தார். டீயைக் குடித்தேன். எனக்குச் சேர வேண்டிய பாதியை வாங்கிக்கொள்ளாமலே படியிறங்கி வந்தேன்.