உள்ளே போடச் சொல்லாத பயிற்சியாளருக்கு

மதிப்புக்குரிய பயிற்சியாளர் அவர்களுக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. நான் நலமாக இல்லை. நீங்கள் நலமா என்று இப்போதைக்குக் கேட்கப்போவதும் இல்லை.

போட்டி முடியும்வரை போனை அணைத்து வைப்பது இருபது வருடமாக உங்கள் வழக்கம். வீட்டில் கூரை இடிந்து விழுந்தாலும் கோப்பை வாங்கிய பிறகுதான் உங்களுக்குத் தெரியும். அதனால் கடிதம். இரண்டாவது செட் ஜெர்சியை எடுத்துப்போக வந்த கல்லூரி வேன் ஓட்டுநரை ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். கீழே டீக்கடையில் இருக்கிறார். "சாரை நேர்ல வந்தப்புறம் திட்டிக்கலாமேம்மா" என்றார். திட்டப்போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்கிறார்கள். எனக்கு இந்த வாரம் முழுக்கக் காலை டியூட்டி. உங்கள் மகள் கூடைப்பந்தை விட்டுவிடப் போகிறாள்.

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். நேற்று கடைசி லீக் ஆட்டத்தில் தோற்றதும், அணி தங்கியிருக்கும் விடுதி மாடியிலிருந்து எனக்குப் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாளாம். சாயங்காலம் நான்கு மணிக்கு உங்கள் அணிக்கு அரையிறுதி. அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருப்பாள். "கோச் கிட்ட சொல்லிடாதம்மா" என்றாள். எந்தக் கோச்சுடி, உங்கப்பாவா என்று கேட்டேன்.  அதை விட்டுவிட்டு, "எனக்கு உயரம் மட்டும்தாம்மா இருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

பதின்மூன்று வயதில் அவள் எப்படி நடந்தாள் என்று ஞாபகம் இருக்கிறதா? வகுப்புப் படத்தில் முட்டியை மடக்கிக்கொண்டு நிற்பாள். தெருவில் யாராவது எதிரே வந்தால் தோளைக் குறுக்கிக்கொள்வாள். கூடைக்குக் கீழே முதுகைக் காட்டி நிற்கும் அந்த போஸ்ட் இடத்தில் நீங்கள் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் அவள் முதுகு நிமிர்ந்தது. அதற்கு உங்களுக்கு நான் கோவில் கட்டியிருப்பேன். இப்போது நீங்களே அவளைக் கூன் போட வைத்துவிட்டீர்கள்.

நேற்று மூன்றாவது கால் பகுதியில் அவளை உட்கார வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னீர்களாமே: "கேட்டு வாங்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் பந்து?" நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் முதலில் நினைத்தேன். எனக்கு ஆட்டம் தெரியாது, நீங்கள் மேதை. ஆனால் இன்று டியூட்டி முடிந்ததும் நர்சுகள் அறையில் உட்கார்ந்து, கல்லூரிப் பிள்ளைகள் போட்டிருந்த வீடியோவை முழுக்கப் பார்த்தேன். ஆபரேஷன் தியேட்டரில் பஞ்சை எண்ணி முடிக்காமல் வயிற்றைத் தைக்க விடாதவள் நான். எண்ணுவது என் தொழில். பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு எண்ணினேன்.

உட்கார வைக்கும்வரை உங்கள் மகள் நாற்பத்து நான்கு முறை எதிராளியை முதுகுக்குப் பின்னால் அடைத்துக்கொண்டு, கையை விரித்து நின்றாள். பந்து ஆறு முறை வந்தது. இரண்டு காலடியில் விழுந்தன. ஒன்று தலைக்கு மேலே பறந்து பார்வையாளர் மடியில் போய் உட்கார்ந்தது. ஒன்று முதுகுப் பக்கம் வந்தது. ஒழுங்காக வந்தவை இரண்டே இரண்டு, இரண்டையும் கூடையில் போட்டாள். மீதி முப்பத்தெட்டு முறையும் மற்றவர்கள் வெளியே வட்டமாக நின்று, சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவது போலப் பந்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பந்தைப் பறிகொடுப்பார்கள், இல்லாவிட்டால் யாராவது தூரத்திலிருந்து எறிவார்கள். ஆட்டம் முழுக்க அப்படி முப்பத்தொன்று எறிந்து விழுந்தது ஆறு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன். இதற்கு மேல் அவள் எப்படிக் கேட்க வேண்டும்? மனு எழுதிக் கொடுக்க வேண்டுமா?

பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் கொண்டுவரும் அந்தக் குட்டைப் பெண், வாண்டு என்று கூப்பிடுவீர்களே, அவளுக்குப் போன் போட்டேன். உங்களைக் கேட்காமல் போட்டேன், அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொள்ளுங்கள். ஏன்டி அவளுக்குப் பந்து போடவில்லை, உங்களுக்குள் சண்டையா என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சண்டையெல்லாம் இல்லம்மா. உள்ள போட்டு பந்து போச்சுன்னா போட்டவ பத்து ரவுண்டு ஓடணும், அப்புறம் பெஞ்ச். தூரத்துல இருந்து அடிச்சுத் தவறினா, பரவால்ல, அடுத்ததப் பாருன்னு சார் சொல்வாரு. நீங்களா இருந்தா எதப் பண்ணுவீங்க?"  அந்தப் பிள்ளையைத் திட்டத்தான் போன் போட்டேன். கடைசியில், சாப்பிட்டாயாம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

எங்கள் தியேட்டரில் ஒரு வருடம் இதே கூத்து நடந்தது. பெரிய டாக்டர் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார், கத்தரியை உள்ளங்கையில் அழுத்தி வைக்க வேண்டும். நழுவினால் கத்துவார். கத்தக் கத்தப் புதுப் பெண்களுக்குக் கை ஒரு நொடி தாமதமாகப் போனது, அதனாலேயே இன்னும் நழுவியது. நான்தான் போய், நீங்கள் கத்துவதை நிறுத்தினால் நாங்கள் நழுவ விடுவதை நிறுத்துகிறோம் சார் என்று சொன்னேன். அன்று ராத்திரி இதை உங்களிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன மாதம் வீட்டுச் சாவி கொடுக்க மைதானத்துக்கு வந்தேன். ஒரு கூடையில் மற்ற பெண்கள் எல்லாம் தூரத்திலிருந்து எறிந்து பழகிக்கொண்டிருந்தார்கள். மறு கூடையில் உங்கள் மகள் தனியாக நின்றாள். அவளுக்கு நீங்களே பந்து போட்டுக்கொண்டிருந்தீர்கள். மறிக்க யாரும் இல்லை. ஒவ்வொரு பந்தும் அவள் கை இருக்கும் இடத்துக்கே போய் நின்றது. அழகாகத்தான் இருந்தது, நானும் சாவியை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் நீங்களா இறங்கிப் போடப்போகிறீர்கள்? ஆட்டத்தில் போட வேண்டியவர்கள் ஒரு நாள்கூடப் போட்டுப் பழகவில்லை. எந்தப் பக்கம் நின்று போட வேண்டும், குனிந்து தரையில் தட்டிப் போட வேண்டுமா, மேலே தூக்கிப் போட வேண்டுமா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இருபது வருடம் கோச்சாக இருப்பவர் செய்கிற வேலையா இது?

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மைதானத்தில் அவளை மற்றவர்களிடம் ஒப்படைக்க உங்களுக்கு மனம் வரவில்லை. அவளோடு நீங்கள் பேசுவதே அந்த நாற்பது ஐம்பது பந்துகளில்தான். வீட்டில் இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் சாப்பாட்டு மேசையிலேயே உங்களைச் சார் என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது, நீங்கள் திருத்தவும் இல்லை. இதற்காக உங்கள் மேல் இரக்கம் வருகிறது. வந்தாலும் கோபம் போகவில்லை.

வீடியோவில் நான் எண்ணிய இன்னொன்றைச் சொல்கிறேன். அது எண்ணுவதற்கு ரொம்பச் சுலபம். உங்கள் குரல் முழு ஆட்டத்திலும் கேட்கிறது. ஓடு, மறி, கையைத் தூக்கு, திரும்பி வா, எல்லாம் கேட்கிறது. "உள்ள போடு" என்று ஒரு முறைகூட இல்லை. மூன்று வருடத்துக்கு முன் பேக்கரிக்காரர் மகள் அந்த இடத்தில் ஆடியபோது, உள்ள போடு, உள்ள போடு என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு வருவீர்கள். உப்புப் போட்ட வெந்நீர் வைத்துக் கொடுத்தே என் கை ஓய்ந்துபோனது. நம் மகள் அங்கே வந்து நின்ற நாளிலிருந்து நான் வெந்நீர் வைக்கவே இல்லை. இதை இன்றுதான் யோசித்தேன்.

சொந்த மகளுக்குப் பந்து போடச் சொல்கிறான் என்று யாராவது பேசிவிடுவார்கள், அதானே? அவளைத் தேர்வு செய்த அன்று இரண்டு பெற்றோர்கள் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு வந்து இரவெல்லாம் புரண்டீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவர்கள் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். நீங்கள் உங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். கோச் ஒரு நாளும் உள்ளே போடச் சொல்வதில்லை என்றால், அங்கே நிற்பவள் ஒன்றுக்கும் ஆகாதவள் என்றுதானே பத்துப் பெண்களும் நினைப்பார்கள்? அதை அவளும் நம்பிவிட்டாள். உங்கள் நேர்மைக்கு நல்ல பெயர் கிடைத்தது. அதற்கு விலை அவள் கொடுத்தாள். இதை நினைத்தால் எனக்கு எதையாவது எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

என் மேலும் தப்பு இருக்கிறது. வேறு கல்லூரியில் இடம் கிடைத்தபோது, அப்பா கண்ணெதிரே இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். அவள் அப்பாவிடம் விட்டதாக நினைத்தேன், கோச்சிடம்தான் விட்டிருக்கிறேன்.

ஓட்டுநர் இரண்டாவது முறை ஹாரன் அடிக்கிறார். நாளைக் காலை உங்களிடம் இது வந்துவிடும். மாலையில் கடைசிப் பயிற்சி இருக்கிறது என்று வாண்டு சொன்னாள். அதில் நீங்கள் பந்தைத் தொடாதீர்கள். மற்ற பெண்கள் கையில் கொடுங்கள், மறிக்க ஒருத்தியை நிறுத்துங்கள், அந்தப் பத்து ரவுண்டைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். பந்து நழுவட்டும், பத்து முறை நழுவட்டும்.

அவளை நான் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸில் வந்து இறங்கினால் நான் போய் அழைத்து வருவேன், ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் நாளை அந்த மைதானத்தில், பத்துப் பேருக்கும் கேட்கும்படி, உள்ளே நிற்கிறாள் என் மகள், அவளுக்குப் போடு என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். ஜெயிப்பதற்காக இல்லை. அதைக் கேட்ட பிறகும் அவள் கிளம்பினால் கிளம்பட்டும். கேட்காமல் கிளம்பக் கூடாது.

இருவரும் நன்றாக இருங்கள்.

கோபம் இன்னும் தீராத,
உங்கள் மனைவி