பாக்கெட்டின் கடைசி வரி

ஜூன் 4

என் அண்ணன் பெத்த கண்ணு மருமகளுக்கு அத்தை எழுதறது. கடவுள் புண்ணியத்துல இங்க எல்லாரும் சௌக்கியம். உன் குட்டிப்பயல் சேட்டை எப்படி? என் போன் ரிப்பேர்ல கெடக்குது, அதான் லெட்டர்.

உணவுப் பாதுகாப்பு ஆபீஸ்ல நீ இருக்கறதால நான் தப்பிச்சேன். நீ சொன்னபடியே நான் கடைக்குப் போடற சத்துமாவு பாக்கெட்டுல எடை, அரைச்ச தேதி, லைசென்ஸ் நம்பர், கம்பு, கேழ்வரகு, கோதுமைன்னு எல்லாம் அச்சடிச்சாச்சு. "வேர்க்கடலை கலந்தது, ஒவ்வாதவர்கள் தவிர்க்கவும்"ங்கற கடைசி வரியை மட்டும் எடுத்துட்டேன். பச்சப்புள்ளைங்க குடிக்கற மாவுல எச்சரிக்கைன்னு அபசகுனமா போடுவாங்களா? வாசனைக்கு ஒரு கை கடலைதானே. அந்த இடத்துல "இறைவன் காப்பான்"னு போட்டேன். பார்த்தாலே கும்பிடத் தோணுது. கோவிச்சுக்காத.

அத்தை

ஜூன் 9

அத்தைக்கு,

கோவம் இல்ல, பயம். போன மாசம் குட்டிப்பயல் ஆஸ்பத்திரியில இருந்தான். சொன்னா விரதம் அது இதுன்னு உடம்பைக் கெடுத்துப்பீங்கன்னு மறைச்சேன், வீட்டுல யாரையும் உங்ககிட்ட சொல்ல விடல. என் மாமியார் ஆசையா ஒரு வேர்க்கடலையை அவன் வாயில வச்சாங்க. தொண்டை வீங்கி மூச்சே நின்னுடும் போல ஆயிடுச்சு. இன்னொரு தடவை தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டார். அன்னையிலேர்ந்து அவங்க கண்ணாடி போட்டு எழுத்தெழுத்தா படிக்காம அவனுக்கு எதுவும் குடுக்கறதில்ல. அவங்களை மாதிரி படிக்கறவங்களுக்குத்தான் அத்தை அந்த வரி. கடைக்குப் போட்டதை எல்லாம் இன்னைக்கே திருப்பி வாங்கிடுங்க.

உங்க மருமகள்

ஜூன் 13

கண்ணு,

உன் லெட்டர் இப்பதான் வந்துது. ஓடிப்போய் கடையில இருந்ததை எல்லாம் வாங்கிட்டு வந்துட்டேன். ரெண்டு பாக்கெட் மட்டும் குறையுது.

நேத்து உன் மாமியார் இந்தப் பக்கம் துக்கம் விசாரிக்க வந்தவங்க நம்ம வீட்டுக்கும் வந்தாங்க. பேரனுக்குன்னு நானேதான் அந்த ரெண்டையும் குடுத்தேன். உடனே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டாங்க. "என்ன சம்பந்தி, பரீட்சைக்குப் படிக்கறீங்களா"ன்னு கேலி பண்ணேன். விரல் வச்சு ஒவ்வொரு வரியா படிச்சாங்க. கடைசி வரிக்கு வந்ததும் பாக்கெட்டைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "காலையில முதல் வேலையா அவனுக்குக் காய்ச்சிக் குடுக்கறேன்"னு பையில வச்சாங்க.

எதிர்வீட்டு போன்லேர்ந்து அடிச்சுக்கிட்டே இருக்கேன். நீயும் எடுக்கல, சம்பந்தியும் எடுக்கல.

அத்தை

ஜூன் 17

கண்ணு,

உங்க ஆபீஸ்காரங்க வந்து மாவு மூட்டைக்கெல்லாம் சீல் வச்சுட்டுப் போனாங்க. யாரு புகார் குடுத்ததுன்னு கேட்டேன். "குழந்தையோட அம்மா"ன்னாங்க. எந்தக் குழந்தைன்னு கேக்க எனக்கு வாய் வரல.

விளக்கு ஏத்தி வச்சிருக்கேன். என்ன சொல்லிக் கும்பிடறதுன்னு தெரியல.

திட்டியாவது ஒரு வரி எழுது.

அத்தை