நான் எடுக்காத அழைப்பு

டிசம்பர் 6, சனி இரவு

கல்லூரிச் சிற்றாலயத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றுவது இன்று விடுதி மாணவி முத்துமாரியின் முறை. அவளுடைய அம்மா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்.

நாலரை மணிக்குப் பெரிய சத்தம் கேட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. முத்துமாரியின் அம்மா வேலை பார்க்கும் கம்பெனியில்தான் விபத்து என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். அவள் என்ன சத்தம் என்று கேட்டபோது, "கல்குவாரியில வெடி வச்சிருப்பாக" என்று சொல்லிவிட்டேன்.

விடுதிப் பிள்ளைகளின் போன்கள் வார்டனான என்னிடம்தான் இருக்கும்; மாலை ஜெபம் முடிந்து ஒன்பது மணி வரைதான் அவர்கள் கையில் கொடுப்பேன். அவளுடையதை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு ஜெபத்துக்குப் போனேன். அங்கே அது மூன்று தடவை அதிர்ந்தது. ஏதோ புது எண். ஆஸ்பத்திரியிலிருந்து இருக்குமோ என்று பயந்து நான் எடுக்கவில்லை. முத்துமாரி சிரித்த முகத்தோடு மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஜெபம் முடிந்ததும் அவளிடம் உண்மையைச் சொல்லிப் போனைக் கொடுத்தேன். உடனே அந்த எண்ணுக்கு அடித்தாள். அம்மாவே எடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கேன் தாயி. வேன் டிரைவர் போன்ல இருந்து மூணு தடவை அடிச்சேன், நீ எடுக்கவே இல்லையே. பக்கத்து ரூம்ல இருந்தவுகளத்தான் இன்னும் காணலை."

அழுது முடித்துவிட்டு முத்துமாரி என்னைப் பார்த்தாள்.

"போன் உங்ககிட்டதான மிஸ் இருந்துச்சு?"

"பயந்துட்டேம்மா."

அவள் போனோடு தன் அறைக்குப் போய்விட்டாள். சாப்பிடவும் வரவில்லை.

ஒன்பது மணிக்கு எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டினேன். அவளிடம் மட்டும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.